ஒரு சிக்கல், ஆறு வாரம், ஒரு மின்பாடம்: மொழி ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியை நடத்த முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றில் "நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்" என்று இருந்தது. அடுத்த நோட்டிலும் அதே பல்லி. 32 நோட்டுகளைத் திருத்தி முடித்தபோது 11 நோட்டுகளில் லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்தன. அன்று இரவு செல்போனை எடுத்து, பல்லி, பள்ளி, வால், வாள், வாழ் என்று 20 சொற்களை நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்தேன். மறுநாள் வகுப்பில் ஒலிக்கவிட்டபோது பிள்ளைகள் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்றரை நிமிடப் பதிவு அது. நான் செய்த முதல் மின்பாடம்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஓர் இணையவழிப் பயிற்சியில் கலந்துகொண்டிருந்தேன். மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டிக்கொண்டே போனார்கள். முடிந்ததும் சான்றிதழ் வந்தது. அந்தச் செயலிகளில் ஒன்றுகூட என் வகுப்பறைக்குள் வரவில்லை, ஏனென்றால் எந்தப் பிள்ளையின் எந்தச் சிரமத்துக்கு எது உதவும் என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

பெருந்துறைப் பக்கம் தமிழாசிரியராக இருக்கும் நானும் சக ஆசிரியர்களும் சேர்ந்து, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும் ஒரு பயிற்சியை இணையத்தில் நடத்திவருகிறோம். தமிழாசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு மின்பாடத்தைச் செய்து, வகுப்பில் பயன்படுத்தி, திருத்தி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் வட்டாரத்தில் நீங்களும் இதை நடத்தலாம் என்பதால் முழுதாக எழுதுகிறேன். குழு இல்லாமல் தனியாகக் கற்பவர்களும் இந்த வரிசையிலேயே போகலாம்.

தொடங்கும் முன்: ஆளும் நேரமும்

15 பேர் போதும். 20க்கு மேல் போனால் ஒவ்வொருவர் வேலையையும் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியாது. சிஆர்சி (குறுவள மையக்) கூட்டத்தில் பழகிய ஆசிரியர்களிடம் நேரில் பேசி அழையுங்கள். வாட்ஸப்பில் பொதுவாக அறிவித்தால் 100 பேர் சேருவார்கள், மூன்றாம் வாரம் 9 பேர் இருப்பார்கள்.

வாரம் ஒரு நேரலை வகுப்பு, 40 நிமிடம். ஜூம் இலவசக் கணக்கில் கிடைப்பதும் அந்த நேரம்தான், அந்தக் கட்டுப்பாடு நல்லதே. மற்றதெல்லாம் வாட்ஸப் குழுவில், அவரவருக்கு முடிந்த நேரத்தில் நடக்கட்டும். தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைப்பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நேரலையில் சிக்னல் நிற்காது. அவர்களுக்காக ஒவ்வொரு வகுப்பையும் 5 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒலி வடிவிலும் அனுப்பிவிடுங்கள். துண்டுக்கு 2 அல்லது 3 எம்பிதான் வரும், ஊருக்குள் இறங்கும்போது டவுன்லோடு ஆகிவிடும்.

நேரத்தைப் பெண் ஆசிரியர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் இரவு 7 மணி என்று வைத்திருந்தோம். அடுப்படி வேலை நேரம் அது. 8:30க்கு மாற்றிய பிறகுதான் எல்லோரும் கேமராவையும் மைக்கையும் போட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜூன் வேண்டாம், மாணவர் சேர்க்கையும், அவர்கள் விவரங்களை எமிஸ் தளத்தில் ஏற்றும் பதிவும் ஆளை விழுங்கிவிடும். ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் முடித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். ஆடிப்பெருக்கு வாரத்தை விட்டுவிடுங்கள், பாதிப்பேர் பவானி கூடுதுறையில் இருப்பார்கள்.

முதல் வாரம்: நோட்டைத் திறங்கள்

இந்த வாரம் கணினியைத் தொட வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வகுப்பில் 30 நோட்டுகளை எடுத்து, எந்தப் பிழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணும்போதுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்த சிக்கலும் பிள்ளைகளின் உண்மையான சிக்கலும் வேறுவேறு என்று தெரியும். வல்லினம் மிகும் இடம்தான் பெரிய பிரச்சினை என்று வந்த ஓர் ஆசிரியை எண்ணிப் பார்த்தார். அவர் வகுப்பில் அதைவிட நெடில் குறில் பிழைகள்தான் மூன்று மடங்கு இருந்தன.

பிழையைக் கண்டுபிடித்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். மின்பாடத்தின் வடிவத்தை அதுதான் முடிவு செய்கிறது. ல, ள, ழ மூன்றையும் கவனமாகச் சொன்னால் காதுக்கு வேறுபாடு தெரியும், எனவே ஒலிப்பதிவு உதவும். ர, ற அப்படி இல்லை. அரை, அறை என்பதை நம் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். கேட்டுக் கண்டுபிடி என்று சொன்னால் பிள்ளை எதைக் கேட்கும்? அதற்குப் படமும் தொடரும் வேண்டும்: அரை லிட்டர் பால், வகுப்பறை, ஆற்றின் கரை, சட்டையில் கறை. ந, ன குழப்பத்துக்கு ஒலியும் உதவாது, படமும் உதவாது. சொல்லின் முதலில் ந வரும், ன வராது என்ற இட விதியைப் பழக்கும் பயிற்சிதான் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வீடியோவில் அடைத்த பாடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும் பிள்ளை மூன்றையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது.

கடைசியாக ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: இந்த மின்பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார்? "ஒலி வேறுபாட்டை அறிவார்" என்று பாடக்குறிப்பு நடையில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். "நான் சொல்லும் 10 சொற்களில் ல, ள, ழ மூன்றையும் சரியாக எழுதுவார்" என்பது போல, பார்த்தால் தெரியும்படி இருக்க வேண்டும்.

செய்யுளின் நயத்தைப் பேசுவது, கட்டுரையைத் திருத்தித் தருவது போன்றவற்றுக்கு மின்பாடம் தேடாதீர்கள். அங்கே பிள்ளைக்குத் தேவை ஆசிரியர்தான்.

இரண்டாம் வாரம்: எழுத்துரு

பலரும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள், அதனால் ஒரு வாரம் முழுக்க இதற்கே கொடுக்கிறோம்.

நம் பள்ளிகளில் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்து வெறும் தோற்றம்தான். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு அடிப்படை எழுத்துக்கும் குறிக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். 1991இல் வந்த முதல் யுனிகோடு பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்று ஆணையிட்டது. ஆக, இனி செய்யும் எதையும் யுனிகோடில் மட்டும் செய்யுங்கள்.

பழையதை மாற்ற இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் கொ, கோ, கௌ வரும் சொற்கள், எண்கள், மேற்கோள் குறிகள் மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

தட்டச்சுக்கு இரண்டு வழி. நிறைய எழுதப்போகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையைப் பழகட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம், பல இடங்களில் புள்ளி தானாகவே விழும். தினம் 20 நிமிடம் என்று இரண்டு வாரம் பழகினால் கை படிந்துவிடுகிறது. அவசரத்துக்குக் கூகுள் டாக்ஸில் பேசியே எழுதலாம். ஆனால் பேசி எழுதியதில் ஒற்றுகள் விட்டுப்போகும். மொழிப்பாடத்தில் ஒற்று விடலாமா? ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.

இன்னொன்று. கால் போட வேண்டிய இடத்தில் "ர" தட்டிவிடுவது நிறைய நடக்கிறது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடலிலும் தானியங்கித் திருத்தத்திலும்தான் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் வாரம்: பேச்சை எழுதுவதும் ஸ்லைடும்

பேசப்போவதை முழுதாக எழுதுங்கள். "பதினைந்து வருடம் பாடம் நடத்துகிறேன், எழுதி வைத்தா பேச வேண்டும்?" என்று கேட்பார்கள். வகுப்பில் எதிரே பிள்ளைகளின் முகம் இருக்கிறது, புரியாவிட்டால் நாம் திரும்பச் சொல்வோம். பதிவில் முகம் இல்லை. எழுதாமல் பேசியவர்களின் பதிவு மூன்று நிமிடம் என்று தொடங்கி ஒன்பதில் முடிகிறது.

எவ்வளவு நீளம் இருக்கலாம்? எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்கள் 69 லட்சம் முறை பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும், பார்ப்பவர்கள் நிலைத்த நேரம் பாதிப்பேருக்கு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்த பெரியவர்கள். நம் எட்டாம் வகுப்புக்கு 3 நிமிடம் வையுங்கள். நான் பாடம் சொல்லும் வேகத்தில் நிமிடத்துக்கு 80 சொல் வரும், எனவே 240 சொல்லுக்குள் எழுதிவிடுவேன்.

ஸ்லைடில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். ஒரே வாக்கியம் கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர வந்தால் கவனம் இரண்டாகப் பிரிகிறது என்று ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் ஆய்வாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆனால் மொழிப்பாடத்தில் இதற்கு விலக்கு உண்டு. செய்யுளைப் படிக்கும்போது அந்த வரிகள் திரையில் இருந்தே ஆக வேண்டும், அங்கே வரிதானே பாடம். விளக்கம் சொல்லும்போது வரிகளை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள்.

எழுத்தளவு 32க்குக் குறைய வேண்டாம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போல இலவசமாகக் கிடைப்பதாக இருக்கட்டும். முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி சேமியுங்கள். பள்ளிக் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் பிரதி காப்பாற்றும்.

படங்களை நம் ஊரிலேயே எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம்தான் நொய்யல் கரையில் இருக்கும் இன்றைய கொடுமணல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அகழாய்வில் அங்கே மணிகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சங்க இலக்கியம் தொடங்கும்போது அந்த ஊரின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து முதல் ஸ்லைடில் வைத்தேன். "சார், எங்க அமுச்சி ஊருங்க சார்" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரையும் கவனிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேச்சு நடை பற்றியும் கேட்பார்கள். பாடப்பகுதியை எழுத்து நடையில் வாசியுங்கள், விளக்கத்தை நம் பேச்சில் சொல்லுங்கள். பொடக்காணி (புழக்கடை), அட்டாலி (பரண்), ஒறம்பரை (உறவினர்) என்று வீட்டில் புழங்கும் சொற்களை எடுத்து, அவற்றுக்குப் பாடநூலில் என்ன சொல் என்று கேட்பதே அருமையான மின்பாடம் ஆகும். வீட்டுப் பெரியவர்களிடம் பேசி ஒலியைப் பதிந்து வரச் சொன்னால் பிள்ளைகளே பாதிப் பாடத்தைச் செய்துவிடுவார்கள்.

நான்காம் வாரம்: பதிவு

படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் மொழிப்பாடமே கெட்டது.

முதல் எதிரி எதிரொலி. நம் சிமெண்ட் அறைகளில் கை தட்டிப் பாருங்கள், "டங்" என்று திரும்பி வரும். அதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. பேசுபவருக்கு எதிர்ச்சுவரில் ஒரு பவானி ஜமுக்காளம், பின்னால் கொடிகட்டி இரண்டு சென்னிமலைப் பெட்ஷீட். மறுபடி கை தட்டுங்கள், ஒலி அடங்கியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் சுவரில் பஞ்சு ஒட்டுவதும் இதே காரணத்துக்குத்தான், மென்மையான கனத்த துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவது தறிச் சத்தம். பள்ளிபாளையத்திலிருந்தும் சோமனூரிலிருந்தும் வந்த ஆசிரியர்களின் பதிவில் பின்னணியில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருந்தது. ஷிப்ட் மாறும் நேரமோ மின்தடை நேரமோ பார்த்துப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் பிடித்தால் ப போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் அடிக்காது.

பேசத் தொடங்கும் முன் மூன்று விநாடி சும்மா இருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, "இதுதான் இரைச்சல்" என்று காட்டிவிட்டால் முழுப் பதிவிலிருந்தும் அதைக் குறைத்துத் தரும். அளவாகக் குறையுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகி, நாம் காட்ட வந்த ழகரமே கரைந்துவிடும். சேமிக்கும்போது மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3. நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும். மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியே வைத்திருங்கள், பின்னால் திருத்த வேண்டியிருக்கும்.

ஸ்லைடோடு சேர்த்து வீடியோவாக்க பவர்பாயிண்டிலேயே பதிவு வசதி இருக்கிறது, கணினித் திரையைப் பதிய ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம். இரண்டில் ஒன்று போதும். முகம் காட்டத் தயங்குபவர்களை வற்புறுத்தாதீர்கள். ஆனால் குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பழகிய குரல் அது.

ஐந்தாம் வாரம்: பயிற்சி வினா, அப்புறம் உரிமை

பார்த்துவிட்டுப் போனால் மறந்துவிடும். அதனால் 5 வினாக்கள் கட்டாயம். கூகுள் படிவம் எளிது. வீடியோவின் நடுவிலேயே கேள்வி வைக்க வேண்டும் என்றால் எச்5பி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

தமிழில் ஒரு நுணுக்கம் உண்டு. "கொ" என்ற எழுத்தை ஒரு விசைப்பலகை ஒரே ஒகரக் குறியாக எழுதும், இன்னொன்று கொம்பும் காலுமாகத் தனித்தனியே எழுதும். கண்ணுக்கு ஒன்றுதான். சில மென்பொருள்களுக்கு இரண்டும் வேறு. பிள்ளை "கொடி" என்று சரியாக எழுதியும் தவறு என்று சிவப்பில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? எனவே தட்டச்சு செய்யும் விடைகளைத் தவிர்த்து, தேர்ந்தெடுக்கும் வினாக்களாக வையுங்கள். தட்டச்சு தேவை என்றால் இரண்டு வடிவத்தையும் சரியான விடையாகச் சேர்த்துவிட்டு, வேறொருவர் போனிலிருந்து நீங்களே எழுதிச் சோதியுங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். "தவறு, மீண்டும் முயல்க" என்பதால் யாரும் கற்றதில்லை.

உரிமை விஷயத்தில் இரண்டு இடங்களைப் பிரித்துப் பாருங்கள். வகுப்பறையில் கற்பிப்பதற்காக ஆசிரியர் ஒரு பகுதியை எடுத்தாள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையே யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். சினிமாப் பாட்டுத் துண்டைப் பின்னணியில் போட்டால் வீடியோ முடக்கப்படலாம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த படைப்புகளுக்கு உரிமைத் தடை இல்லை. பாரதியின் படைப்புரிமையை 1949இல் அரசு வாங்கிப் பிறகு பொதுவாக்கியது, நாட்டுடைமையான மற்றவர்களின் நூல்களும் உண்டு. தமிழ் விக்கிமூலம், மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மூன்றிலும் தேடினால் பாடத்துக்கு வேண்டிய மூலநூல் பெரும்பாலும் கிடைத்துவிடும். படத்துக்கு விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கடைசி ஸ்லைடில் எழுதுங்கள். பிள்ளைகளின் முகமோ குரலோ வந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் வெளியிடக் கூடாது. பெயரைச் சொல்லவே வேண்டாம்.

ஆறாம் வாரம்: வகுப்புக்குக் கொண்டுபோவது

முதலில் சக ஆசிரியர் ஒருவர் பார்க்கட்டும். நம் ஊர் மரியாதைக்கு எல்லோரும் "நல்லாருக்குங்க சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்தோம்: எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து, பிடித்த ஓர் இடத்தையும் மாற்ற வேண்டிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். "1:40இல் வாளை என்பது வாலை என்று கேட்கிறது" என்ற அந்த மாதிரி வரிகளால்தான் பாடம் சீராகிறது.

அப்புறம் வகுப்பு. மின்பாடத்துக்கு முன் 10 சொல் சொல்வதெழுதுதல், இரண்டு நாள் கழித்து அதே வகையில் வேறு 10 சொல். உடனே வைத்தால் எல்லோரும் நன்றாகத்தான் எழுதுவார்கள், இரண்டு நாள் கழித்தும் நிற்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். போடும்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். எங்கே பக்கத்துப் பையனிடம் திரும்புகிறார்களோ அங்கே வெட்ட வேண்டும்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போய் இரவு 9 மணிக்குத்தான் வீடு வரும். வீட்டில் பார்த்து வா என்று மட்டும் சொன்னால் பாதிப் பிள்ளைகள் விடுபடுவார்கள். ஹைடெக் லேப் கணினியில் பென்டிரைவ் மூலம் ஏற்றி வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் எழுத்துகள் மங்கும். கூகுள் டிரைவ் லிங்க்குக்கு ஒரு கியூஆர் கோடு எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லலாம். பாடநூலில் 2018 முதல் வரும் கியூஆர் கோடுகளால் பிள்ளைகளுக்கு அது பழகிய விஷயம்தான்.

கடைசி நேரலையில் ஒவ்வொருவருக்கும் 2 நிமிடம். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டின் மதிப்பெண்ணையும், வகுப்பில் பார்த்த பிறகு மாற்றிய ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். மாற்றவே இல்லை என்பவர் இன்னும் வகுப்பில் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள், அவருக்கு இன்னொரு வாரம் கொடுங்கள். முடித்தவர்களின் கோப்புகளை ஒரே டிரைவில் சேருங்கள். கோப்பின் பெயரில் வகுப்பு, சிக்கல், நிமிடம் மூன்றும் இருக்கட்டும்: "8-லளழ-3நிமிடம்". பாட எண்ணைப் பெயரில் போடாதீர்கள். பாடநூல் மாறும்போது எண் மாறிவிடும், பல்லியும் பள்ளியும் அடுத்த ஆண்டும் வரும்.